ஆட்டுக்கொட்டிலுக்கு வந்தவர்கள்

"மாமா, இந்த ஆட்டுக்கொட்டில் பக்கத்தில யாரெல்லாம் வந்து இருப்பாவ?"

ஜோஸ்னா கேட்டதும் சுந்தரதாஸுக்குக் காய்ச்சலைவிட அந்தக் கேள்விதான் அதிகமாகச் சுட்டது.

ஜோஸ்னா, கேரள எல்லையோரப் பனச்சமூட்டில் அந்த வார்டுக்கு வீடுவீடாக வரும் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளர். கட்டிலில் சுருண்டு கிடந்தவரைக் கதவைத் தட்டி எழுப்பி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான். அவருடைய அக்குளில் தீய்ந்த மிளகுபோல ஒரு பொருக்கு இருந்தது. உண்ணி கடித்து வந்த காய்ச்சல், இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையில் காய்ச்சல் இறங்கி, இப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்.

"இது ஆளுக்கு ஆள் ஒட்டாது மாமா. ஆனா ஒங்களக் கடிச்ச உண்ணி இங்க வாறவங்களையும் கடிக்குமில்லியா? அதுக்காக்கும் கேக்கேன்."

சுந்தரதாஸ் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தவர். மனைவி போனபின் அவரோடு பேசுவது இரண்டு ஆடுகள். ஞாயிற்றுக்கிழமை போனில், சார்ஜாவிலிருந்து மகன் ஜித்தின். யாரும் வருவதில்லை என்பதுதான் உண்மை. அதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"நெறைய பேரு வருவாவ மக்கா."

"பேரு சொல்லுங்க."

"சாயாக்கடை ஈசாக்கு. பெறவு எலியா. பெறவு... ராஜையா."

மறுநாளே ஈசாக் வந்துவிட்டார். "எலே சுந்தரா, உண்ணி கடிச்சிருக்கான்னு பாக்க சுகாதார இன்ஸ்பெக்டர் கடையில வச்சு எனக்க சட்டையக் கழத்த வச்சாரு. பனச்சமூடு சனம் முழுக்கப் பாத்தாச்சு. நான் எப்பம் உனக்க ஆட்டுக்கிட்ட வந்தேன்?"

சுந்தரதாஸ் ஜோஸ்னாவுக்குப் போன் செய்தார். "ஈசாக்கு ஆட்டுக்கிட்ட போகமாட்டான் மக்கா. வாசல்ல நின்னு பால் வாங்கிட்டுப் போயிருவான்."

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் மறுபடியும் கடைக்கு வந்து, "அந்த ஆட்டுப்பால நல்லாக் காய்ச்சித்தானே ஊத்துதியோ?" என்று கேட்டார். சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்கள். பழம்பொரி கண்ணாடிப் பெட்டியிலேயே ஆறிப்போனது.

சுந்தரதாஸ் பதறிப்போய் மறுபடியும் போன் செய்தார். "பால் இல்ல மக்கா, எனக்குத் தப்பிப்போச்சு. எலியாதான் வருவான். பசுவுக்குத் தழை வெட்ட."

எலியாவின் பசுவைப் பார்க்கக் கால்நடை மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. உண்ணி மருந்தைப் பூசியதும் நாற்றம் பொறுக்காத பசு கயிற்றை அறுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் ஓடிவிட்டது. அதைக் கேரளத்துக்குத் திரும்ப ஓட்டிவர எலியாவுக்கு மத்தியானமாயிற்று.

அப்படியே நேராக அவர் சுந்தரதாஸின் முற்றத்துக்கு வந்தார். ஈசாக்கும் வந்தார். சத்தம் கேட்டு ஜோஸ்னாவும் வந்தாள்.

"நானோ இவனோ இந்த முத்தத்த மிதிச்சு எத்தற வருசமாச்சு? சொல்லு ஓய்," என்றார் எலியா.

சுந்தரதாஸுக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஓரத்தில், முற்றத்தில் இத்தனை பேர் நிற்பது நன்றாகத்தான் இருந்தது.

"சாயா போடட்டா?" என்றார்.

"உனக்க ஆட்டுப்பாலிலயா?" என்றார் ஈசாக்.

அப்போது ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியாக வசிக்கும் ராஜையா, மெலிந்துபோய், கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருடைய ஆடு இவருடைய மரச்சீனிக் கிழங்குச் செடியைத் தின்ற நாளிலிருந்து இருவரும் பேசுவதில்லை. சுந்தரதாஸ் அடுத்த ஏச்சுக்குத் தயாரானார்.

"நான் வருவேன்," என்றார் ராஜையா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தெனமும் வருவேன். இவன் அங்க வருவான், நான் இங்க வருவேன். அதுல ஒங்களுக்கு என்ன?"

ஈசாக்கும் எலியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பம் ரெண்டுபேரும் சேந்து இருந்து கடி வாங்குங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ராஜையா யாரையும் பார்க்காமல் கொட்டில் பக்கம் போய், ஒரு பலா இலையை ஆட்டுக்கு நீட்டினார்.

சுந்தரதாஸ் ஜோஸ்னாவைக் கேட்டுக்கு வெளியே கூட்டிப்போனார்.

"மக்கா, எனக்க வீட்டுக்கு ஒருத்தரும் வாறதில்ல. நான் சொன்னது பொய்யாக்கும். பாவம், எனக்க மானத்தக் காப்பாத்த அவனும் பொய் சொல்லுதான்."

ஜோஸ்னா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தபடியே சொன்னாள்:

"இல்ல மாமா, போன வாரம் ராஜையா மாமா இதே காய்ச்சல்ல கெடந்தப்ப, யாரு வருவாவன்னு நான் கேட்டதுக்கு 'எனக்க வீட்டுக்கு சுந்தரன் தெனமும் வருவான்'னு அவரு சொன்னதாலயாக்கும் நான் ஒங்க கதவ வந்து தட்டுனேன்."