தவளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சௌக்கியம் கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் நெஞ்சுவலியை (வெறும் வாயுதான்) விசாரிக்க நீ குடும்பத்தோடு வந்தபோது உன் மகள் ஒரு பொம்மையை மறந்து வைத்துவிட்டாளே, பச்சைத் தவளை, அமுக்கினால் பிசைந்த மாவு மாதிரி அமுங்கி, விட்டால் மெதுவாக உப்பிக்கொள்ளுமே, அதைப் பற்றித்தான். கோபக்காரப் பிள்ளைகளுக்கான சிகிச்சைப் பொம்மை, மூன்று வயதுக்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கிறது. உன் அக்காவுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது, ஆகவே சட்டப்படி குற்றமில்லை. "கோவம் வந்தா இதைப் பிசைங்க அத்தை, போயிடும்" என்று உன் மகள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். போயே போய்விட்டது.

சாதகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் நியாயஸ்தன். அவளுக்கு விரல் மூட்டு வலி குறைந்திருக்கிறதாம். தட்டு, டம்ளர் எதுவும் புதிதாக நெளியவில்லை. பாதகம் என்று பார்த்தால், வீட்டிலுள்ள தூசி, தும்பு, தலைமுடி எல்லாம் அதில்தான் ஒட்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசி, கைக்குழந்தை மாதிரி துண்டில் கிடத்துகிறாள். எனக்கு ஒரு நாளும் பவுடர் பூசியதில்லை. அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மச்சான், அவள் என்னோடு சண்டையே போடுவதில்லை!

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். தவளையை எடுத்தாள். குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தேன். மறுபடியும் தவளை. கடைசி அஸ்திரமா, "உன் தம்பிக்கு எந்த வேலைதான் நிலைச்சிருக்கு?"ன்னு கேட்டேன். (தப்பா நினைக்காதே, கல்யாணமான நாளிலிருந்து எங்க சண்டைக்கெல்லாம் நீதான் மூலதனம்.) வாயே திறக்கல மச்சான். தவளைதான் முழி பிதுங்க என்னைப் பார்த்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "அக்கா ஊர்ல இல்லையா சார்?"ன்னு விசாரிச்சுட்டுப் போறார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில், நான் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூல் காரிலேயே அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். "கிளட்ச்சை மெதுவா விடு" என்று ஒரு தடவை கூடுதலாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டு, என் பரம்பரையையே ஒரு பிடி பிடித்தாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கடைசியில் ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து, "அம்மா, நீங்க சொல்றது நியாயந்தான். வண்டியைக் கொஞ்சம் ஓரமா போட்டுட்டுச் சொல்லுங்க" என்று கும்பிட்டார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீடு வரைக்கும் சிரித்தோம். திட்டும்போது அவள் என்னை மட்டும்தான் பார்ப்பாள். இப்ப ரெண்டு பேரும் டிவியைப் பார்க்கிறோம். வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எனக்கு அவ பேச்சு வேணும்டா.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, "பொண்ணு பொம்மை கேட்டு அழறா"ன்னு ஒரு பொய்யைச் சொல்லி அதை எடுத்துக்கொண்டு போய்விடு. நான் சொன்னதாக மூச்சு விடாதே. உன் மனைவிக்கு என் விசாரிப்பு, மகளுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நூறாண்டு சத்தமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சந்தடியில்லாத வீட்டிலிருந்து
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. கவரை ஒட்ட நான் பசை தேடிப் போன நேரத்தில் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். "அதை யாரும் மறந்து வைக்கல. நான்தான் என் தம்பிகிட்ட கேட்டு வாங்கினேன். வீட்ல சண்டை சத்தமே கூடாதுன்னு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு, வாயுவாம் வாயு! எனக்கு மட்டும் வாய் அரிக்கலையா? நீங்க பொசுக்குன்னு போயிட்டா அப்புறம் நான் யாரைத் திட்டுறது?" என்று அழுதுகொண்டே ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. உனக்கும் எல்லாம் தெரியுமாமே, கூட்டுக் களவாணிப் பயலே! இதைச் சொன்னதும், "என் தம்பியை ஒரு வார்த்தை சொன்னீங்க..." என்று குரல் மாடி வரை ஏறிவிட்டது. தவளையை என் கையில் திணித்திருக்கிறாள், நெஞ்சுக்கு நல்லதாம், பிசைந்துகொண்டே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். எங்களுக்குள் நிறைய பாக்கி இருக்கிறது.