உடைமரத்து உமாவும் ஒரு களம் வத்தலும்

நான் இயக்கிய ஒரே படம் பதினோரு நிமிடம் ஓடும். அதை முழுசாகப் பார்த்தவர்கள் என் வகுப்பில் இருபத்திரண்டு பேர், எங்கள் பேராசிரியர் ஒருவர், அப்புறம் என் அம்மா. (அம்மாவும் பாதியில் அரிசி ஊறப்போட எழுந்து போய்விட்டாள். கணக்குக்குச் சேர்த்துக்கொள்கிறேன்.) ஆனால் அதை எடுக்கும்போது பார்த்தது ஒரு ஊர். விளாத்திகுளத்திலிருந்து உள்ளே போக வேண்டிய அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், "அன்னைக்குப் பட்டது போதாதாட்டி?" என்று கேட்டு நாளைக்கே போன் வரும்.

இப்போது கோவில்பட்டியில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறேன். மாப்பிள்ளை தாலி முடியும் நொடியில் கெட்டிமேளத்தை அளந்து வைத்த மாதிரி கொண்டு வந்து சேர்ப்பேன். அடக்கமான தொழில், அடக்கமான ஆள். கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்த ராஜி, அதாவது அன்றைய நான், இப்படி இல்லை. தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு, கையில் சுருட்டிய பேப்பர். தமிழ் சினிமா எனக்காகக் காத்திருக்கிறது, பாவம், ரொம்ப நாள் காக்க வைக்கக் கூடாது என்று மனசார நம்பினேன்.

கடைசி செமஸ்டருக்கு ஆளுக்கொரு குறும்படம் எடுத்துத் தர வேண்டும். மற்றவர்கள் குடிநீர்ப் பிரச்சினை, செல்போன் பிரச்சினை என்று எடுத்தார்கள். நான் பேய்ப்படம் என்றேன். பெயர் 'உடைமரத்து உமா'. நடுச்சாமத்தில் முள் அடர்ந்த உடைமரக் காட்டிலிருந்து உமா என்ற பேய் கிளம்பி, தன்னைக் கொன்றவனின் பிணத்தை இழுத்துக்கொண்டே ஊரைச் சுற்றி வரும். அவ்வளவுதான் கதை. (இப்போது எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் கம்மியாகத்தான் தெரிகிறது.) ஆறு மணிக்குமேல் பெண்பிள்ளை வெளியே நிற்கக் கூடாது என்பது என் அப்பாவின் சட்டம். ஆகவே நடுச்சாமத்தை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் நீலம் பூசி இருட்டாக்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

வகுப்புத் தோழி முத்துலட்சுமியின் ஊரில்தான் படப்பிடிப்பு. உமாவும் அவள்தான். முழங்கால் வரை முடி இருந்த ஒரே தகுதியில் கதாநாயகி ஆனவள். கேமராமேன் ஜெபராஜ், தன் மச்சானுடைய போட்டோ ஸ்டுடியோ கேமராவைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். பிணமாக நடிக்க வேண்டிய பையன் மட்டும் வரவில்லை. போன் போட்டேன். அவன் அம்மா எடுத்தார்கள்.

"உசுரோட இருக்க புள்ளையப் பொணமாப் படுக்க வைக்கப் போறீகளோ? அதுவும் வெள்ளிக்கெழம! நல்லாருப்பீகளாட்டி நீங்க?"

போன் வைக்கப்பட்டது. பெரிய இயக்குநர்கள் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. முத்து வீட்டுப் பின்னால் சோளத்தட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் நாலு கட்டு உருவி, கை கால் வைத்துக் கட்டி, முத்துவின் அப்பாவுடைய பழைய வேட்டி சட்டையை மாட்டி, சின்ன மண்பானையைத் தலையாக வைத்து முகம் வரைந்தேன். காலில் கயிறு கட்டினேன். "பொணத்த விடப் பொணமா இருக்கு" என்று ஜெபராஜ் பாராட்டினான்.

அப்போது பங்குனி மாதம். ஊருக்கு வெளியே களம் முழுக்க மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அதில் பாதி முத்து வீட்டுடையது. மழை பார்த்து விதைத்து, களை பறித்து, அந்த வருடம் முழுக்கப் பாடுபட்டது மொத்தமும் அந்தத் தரையில்தான் கிடந்தது. அதை நம்பித்தான் முத்துவின் அக்காவுக்கு வைகாசியில் கல்யாணத் தேதி குறித்திருந்தார்கள். வத்தலாக இன்னும் மூன்று நாள் வெயில் வேண்டும். இடையில் நனைந்தால் வெளுத்துப்போகும், சண்டு வத்தல் என்று வியாபாரி ஒதுக்கிவிடுவார். முத்துவின் அம்மாவை நான் சித்தி என்பேன். நான் போய் இறங்கிய உடனே சித்தி இதையெல்லாம் சொல்லிவிட்டார். நானும் நன்றாகத் தலையாட்டினேன். ஆனால் என் கண், களத்து ஓரம் மடித்து வைத்திருந்த பெரிய கறுப்புத் தார்ப்பாய் மேல் இருந்தது. பேய்க்குப் பின்னால் அதைக் கட்டிவிட்டால் வானம் தெரியாது, அசல் இருட்டு கிடைத்துவிடும்.

"சித்தி, இத சாயந்தரம் வரைக்கும் எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கோ தாயி. ராத்திரி குமிச்சு மூடத்தான் வேணும். இந்த வெயில்ல எங்கன மழ பெய்யப் போவுது!"

ஜெபராஜ் அதை இரண்டு உடைமரங்களுக்கு நடுவே நைலான் கயிற்றால் கட்டினான். என்.சி.சி.யில் முடிச்சுப் போடுவதில் பரிசு வாங்கியவன். ஒரு முடிச்சு போதும் என்ற இடத்தில் நாலு போட்டான்.

படப்பிடிப்பு ஆரம்பமானது. முகமெல்லாம் பவுடர் பூசிய முத்து, வெள்ளைச் சேலையில் பிணத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். கேமராவைப் பார்த்ததும் கெக்கெக்கென்று சிரித்தாள்.

"ஏட்டி, பேய் சிரிக்காது. அழு."

"எப்படி அழ?"

"எழவு வீட்டுல அழுவாவள்ல, அப்படி அழு."

இது அவளுக்குப் புரிந்துவிட்டது. தலைமுடியை விரித்துப்போட்டாள், மாரில் அடித்துக்கொண்டாள், "ஏ பாவீ... எங்களைப் பரிதவிக்க விட்டுட்டியே" என்று ராகம் போட்டு ஒப்பாரி வைத்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. "அப்படித்தான்! நிறுத்தாத! ஊரச் சுத்தி இழு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

வண்டிப்பாதை ஊரைச் சுற்றிப் போனது. டீக்கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே விட்டார். காட்டில் வேலை செய்த பெண்கள் கையைத் தலையில் வைத்தார்கள். ஒருவர் "தேவுடா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். கலை மக்களைத் தொடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். (அப்படித்தான் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.)

முக்கால் சுற்று முடிந்தபோது ஊர் மொத்தமும் எங்களை மறித்து நின்றது.

"ஏ கூறுகெட்ட மூதிகளா!" என்றார் டீக்கடை அண்ணாச்சி. "ஊரு பூரா வத்தல் காயப் போட்டிருக்கு. இப்பப் போயி மழைக்குக் கொடும்பாவி இழுக்குதீங்களே!"

நான் டவுன்காரி. எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னார்கள். மழையே இல்லாமல் காடு கருகும் வருடத்தில், யாரோ ஒரு பெரும்பாவியால்தான் மழை நின்றது என்று ஒரு பொம்மை செய்வார்கள். அதன் காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் தலைவிரித்து மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் சுடுகாட்டில் கொளுத்தினால் மழை வரும். நான் ஏழு இரவு கண்விழித்து, யாருக்கும் தோன்றாத காட்சி என்று எழுதி வைத்திருந்தது வரிக்கு வரி அதுதான்.

"உனக்குத் தெரியாதாட்டி?" என்று முத்துவைக் கடிந்துகொண்டேன்.

"நான் சின்னப்புள்ளையா இருக்கையில இழுத்தாவ. சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ டைரக்டரு, எல்லாம் தெரிஞ்சுதான் செய்யுதேன்னு நெனச்சேன்."

அந்த நேரம் பார்த்து முத்துவின் அப்பா வந்து சேர்ந்தார். அவரைச் சித்தப்பா என்பேன். அதிகம் பேசாத மனிதர். கீழே கிடந்த பாவியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என் சட்டைல்லா?"

ஊர் அவரையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தது. கோபத்துக்கு நடுவே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அடுத்தது பெரிய விவாதம். இழுத்த கொடும்பாவியை ரத்து செய்வது எப்படி?

"கொளுத்திப்புடுவோம்."

"கொளுத்துனா காரியம் முழுசா முடிஞ்சிரும். மழ வந்தே தீரும்."

"அப்பம் இப்படியே பாதியில போட்டுருவோம்."

"பாதியில போட்டா பாதி மழ பெய்யும். வத்தல் வீணாப்போவ அது போதாதா?"

டீக்கடை அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "மழைய வரச் சொல்லத்தான் மொற இருக்கு. வராதேன்னு இந்த ஊருல எவனும் கேட்டதில்லையே."

சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்த வழியே திருப்பி இழுங்கட்டி" என்றார். "அழுதுக்கிட்டுத்தான இழுத்தீங்க, இப்பம் சிரிச்சுக்கிட்டே இழுங்க. அதுக்கு இது சரியாப்போவும்."

யாருக்கும் இதைவிட நல்ல யோசனை இல்லை. முத்து கயிற்றைப் பிடித்து வந்த வழியே பின்பக்கமாக நடந்தாள். அம்மாவுக்குப் பயந்து சிரித்தாள். பயத்தில் வந்த சிரிப்பு, பவுடர் முகம், விரித்த தலை. நாய் ஒன்று ஊளையிட்டுக்கொண்டே காட்டுக்குள் ஓடியது. "டைரக்டரும் சிரிக்கணும்" என்றார் அண்ணாச்சி. நானும் சிரித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஊரும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தது. ஜெபராஜ் கேமராவை நிறுத்தவே இல்லை.

பாதி தூரத்தில் காற்று குளிர்ந்தது. மேற்கே கோவில்பட்டிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. படம் எடுத்த இடத்தில் கறுப்புத் தார்ப்பாய் அதை மறைத்துவிட்டது; அப்புறம் இழுத்த அமளியில் ஊரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு இடி இடித்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தலாமா என்று தெரியவில்லை.

"தார்ப்பாயி!" என்று சித்தி அலறினார்.

ஓடினோம். மற்றவர்கள் அவரவர் வத்தலைக் குவித்து அவரவர் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். முத்து வீட்டுத் தார்ப்பாய் மட்டும் மரத்தில் தொங்கியது. ஜெபராஜ் முடிச்சில் பல்லை வைத்துப் பார்த்தான். அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவிழவில்லை. சித்தப்பா அரிவாளால் ஒரே வெட்டாகக் கயிற்றை வெட்டி இழுக்க, உடைமுள்ளில் மாட்டி டர்ரென்று நடுவில் கிழிந்தது. ஒரு ஆள் உள்ளே போய் வெளியே வரும் அளவுக்குக் கிழிசல்.

முதல் தூற்றல் விழுந்தது. தங்கள் வத்தலை மூடி முடித்தவர்கள் அத்தனை பேரும் முத்து வீட்டுக் களத்துக்கு ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் என்னை மூதி என்று சொன்ன அண்ணாச்சிதான் முதல் ஆள். முறத்தாலும் கையாலும் விளக்குமாற்றாலும் வத்தலைக் குவித்தார்கள். பேய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை கூடையாக அள்ளியது. குவியல்மேல் தார்ப்பாயைப் போட்டார்கள். கிழிசல் உச்சியில், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

வேறு எதுவும் தோன்றவில்லை. ஏறி, அந்தக் கிழிசலின்மேல் குப்புறப் படுத்துவிட்டேன்.

மழை கொட்டியது. முதுகில் மழை, வயிற்றுக்குக் கீழே வத்தல். கிழிசல் வழியாகக் காரம் ஏறி, கழுத்து, கை, முகம் எல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலுக்குப் பாதி, மிச்சம் உண்மையான அழுகை. தொப்பி போட்டுக்கொண்டு வந்த ஒரு கிறுக்கியால் ஒரு கல்யாணம் நின்றுவிட்டால் என்ன செய்வேன்? தார்ப்பாய் நுனியைப் பிடித்துக்கொண்டு முத்துவின் அக்கா பக்கத்திலேயே நனைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருக்கா."

"ஏட்டி, அசையாமப் படு. பேச்செல்லாம் பொறவு."

அரைமணி நேரத்தில் மழை விட்டது. களத்தை விட்டு இறங்கினால் கரிசல் மண் செருப்பில் அப்பி, அடிக்கு அடி ஏறிக்கொண்டே போனது. சித்தி குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை எடுத்து முகர்ந்தார். "காஞ்ச மேனிக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். ஓரத்தில் ரெண்டு கூடை மட்டும் நனைந்திருந்தது.

மறுநாளே வெயில் அடித்தது. வைகாசியில் கல்யாணமும் நடந்தது. நான் மூன்று நாள் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, "எவளாவது வத்தல் மேல போயிப் படுப்பாளா?" என்ற அம்மாவின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

படத்தை வகுப்பில் போட்டபோது யாரும் பயப்படவில்லை, அந்தச் சிரிப்புக் காட்சி வரும்வரை. அது வந்ததும் முன் வரிசையில் ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டாள். "பேய்க்குப் பின்னால ஒரு ஊரே சிரிச்சுக்கிட்டு வருதே, எப்படிம்மா நடிக்க வச்சே?" என்றார் பேராசிரியர். "ஒரு வாரம் ரிகர்சல் சார்" என்றேன்.

செய்த பாவத்துக்கு அக்கா கல்யாணத்தை நானே வீடியோ எடுத்து, நானே வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். என் தொழில் தொடங்கியது அங்கேதான். பந்தியில் சித்தப்பா என்னை இலைக்கு இலை கூட்டிப்போய் அறிமுகம் செய்தார். "இதுதான் நம்ம தார்ப்பாயி." அந்த வீட்டில் இன்றுவரை எனக்கு அதுதான் பெயர். அக்காவின் மகனும் என்னைத் தார்ப்பாய்ச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான்.

போன ஐப்பசியில் சித்தப்பா போன் செய்தார்.

"ஏட்டி, வெதச்சுப் போட்டு மானத்தப் பாத்துக்கிட்டே இருக்கோம். ஒரு பொட்டு மழ இல்ல. அடுத்த படம் எப்பம் எடுக்கப் போற?"

"கதை ஒண்ணும் இல்லையே சித்தப்பா."

"கதை எதுக்கு? அதே கதைதான். பழைய சட்ட ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அழுவுற சீன மட்டும் இப்பம் வந்து எடுத்துட்டுப் போ. சிரிக்கிற சீன பங்குனியில பாத்துக்கிடுவோம்."