விலைபோகாத நடுவர்

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்த எதல்பர்ட் மொடெஸ்ட், வாசற்படியில் ஒரு முழுச் சூரை மீன் படுத்திருப்பதைப் பார்த்தார். யாரோ அதை வாழையிலையில் பொதிந்து, தலைமாட்டில் இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாலில் நீலக் கயிறு.

நீலக் கயிறு கட்டுவது பெத்தி ஆன்ஸ் படகுக்காரர்கள்தான்.

"வெர்னா, இங்க வா."

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "நல்ல மீன்."

"உங்க ஊர்லேர்ந்து வந்திருக்கு."

"வந்தா என்ன? எங்க ஊர்க்காரங்ககிட்ட மீன்தான் இருக்கு. வேற என்னத்த அனுப்புவாங்க?"

"ஏன் அனுப்பினாங்கன்னு யோசிச்சியா?"

"யோசிக்கல. பொரிக்கலாமா, குழம்பு வைக்கலாமான்னுதான் யோசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம். கடலோரத்துப் பெத்தி ஆன்ஸும் மலைமேல் இருக்கும் மோர்ன் லாங்கும் மோதுகின்றன. நடுவர், எதல்பர்ட்.

இருபது வருடமாகக் கிரெனடாத் தீவின் அந்தப் பக்கத்து மைதானங்களில் விசில் ஊதுகிறார். இறுதி ஆட்டம் மட்டும் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அது எப்போதும் வேறொருவருக்கே போகும். அந்த வேறொருவர் இந்த வருடம் மகளோடு இருக்க புரூக்ளினுக்குக் கிளம்பிவிட்டார். லீக் செயலாளர் அலெக்சிஸ் வந்து, முறைப்படி அடுத்தது நீதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நட்பில் நெகிழ்ந்துவிட்டார் என்று எதல்பர்ட் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கறுப்புச் சட்டையைத் தினமும் பிரித்து, பார்த்து, மறுபடி மடித்து வைக்கிறார்.

பிழைப்புக்கு ஜாதிக்காய் நிலையத்தில் எடை போடுகிறார். ஒவ்வொரு காயாக உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் போடுவார். வரிசை சாலை வரைக்கும் நிற்கும். நிற்கட்டும் என்பார். மைதானத்திலும் அப்படித்தான். கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிகிறவனின் கால் தரையைவிட்டுச் சற்று எழும்பினாலும் விசில். விசிலுக்குப் பிறகு அந்த விதியின் விளக்கம். அவருடைய பல ஆட்டங்களை இருட்டுதான் முடித்துவைத்திருக்கிறது.

"இதைத் திருப்பி அனுப்பணும்" என்றார்.

"அனுப்பினா அவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி."

"அப்ப வீடு மாறி வந்துடுச்சுன்னு சொல்லி அனுப்புவோம். யாருக்கும் மனசு நோகாது."

மீனைச் சாக்கில் சுற்றிச் சாலைக்குத் தூக்கிப் போனார். லென்னாக்ஸின் மினிபஸ் பாட்டுச் சத்தத்தோடு வந்து நின்றது.

"லென்னாக்ஸ், இதப் பெத்தி ஆன்ஸ்ல குடுத்துடு. வீடு மாறி என் வீட்டுக்கு வந்துடுச்சுன்னு சொல்லு."

லென்னாக்ஸ் சாக்கைப் பிரித்துப் பார்த்தான். "இந்த ரோட்டுல இன்னொரு மொடெஸ்ட் இருக்காராண்ணே?"

"நான் சொன்னதச் சொல்லு."

"வேற ஏதாவது சொல்லணுமா அவங்ககிட்ட?"

"ஒண்ணும் வேண்டாம்."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மோர்ன் லாங் பெண்கள் மூன்று பேர் கழுத்தை நீட்டி மீனை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மினிபஸ் மறுபடி வீட்டு வாசலில் நின்றது. லென்னாக்ஸ் இறங்கி இரண்டு சூரை மீன்களைப் படியில் கிடத்தினான். இரண்டும் காலையில் வந்ததைவிடப் பெரியவை.

"ஒண்ணும் சொல்லலையா அவங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் படகுல ஏறிப் போய் இதப் புடிச்சிட்டு வந்தாங்க."

அன்று இரவு எதல்பர்ட் சாப்பிடவில்லை. வெர்னா ஒரு துண்டு மீனைப் பொரித்துத் தனியாகச் சாப்பிட்டாள். அது லஞ்சமாகாதா என்று அவர் கேட்டார். அது மீன் என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது வாசலில் ஒரு மூட்டை இருந்தது. உள்ளே சீமைப்பலா, வாழைத்தார், வள்ளிக்கிழங்கு, ஒரு கட்டுச் சேம்பிலை. மலை மண் அவற்றில் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"பாத்தியா? மீன் விஷயம் மேல போயிருச்சு" என்றார்.

"மூணு பொம்பளைங்க முன்னாடி மீனைத் தூக்கிக் காட்டினா போகாம என்ன செய்யும்?"

"நான் எங்க காட்டினேன்? அவன்தான் பிரிச்சான்."

இந்த முறை ஒளித்து மறைக்கப் போவதில்லை என்று முடிவு செய்தார். லென்னாக்ஸிடம் மூட்டையை ஏற்றிவிட்டு, பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மோர்ன் லாங்குல சொல்லு. மொடெஸ்டுக்கு இதெல்லாம் வேண்டாம்."

"வேண்டாம்னு மட்டும் சொன்னாப் போதுமாண்ணே?"

"போதும்."

லென்னாக்ஸ் அவரை ஒருவிதமான மரியாதையோடு பார்த்தான். சந்தையில் பேரம் பேசத் தெரிந்தவர்களைப் பார்க்கிற பார்வை அது. ஆனால் அப்போது எதல்பர்ட்டுக்கு அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் அதே மூட்டை திரும்பி வந்தது. கூடவே ஓர் ஆடு.

ஆட்டை பஸ்ஸில் திருப்பி ஏற்ற லென்னாக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "வரும்போது சீட்டைத் தின்னுடுச்சுண்ணே. இனிமே அது உங்க பாடு." எதல்பர்ட் அதை, கறுப்புச் சட்டையை வெயில் காட்டப் போட்டிருந்த துணிக்கொடிக் கம்பத்தில் கட்டினார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், அது கறுப்புச் சட்டையின் பையைக் கிழித்து, சிவப்பு அட்டையை மென்றுகொண்டிருந்தது. மஞ்சள் அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டிருந்தது.

வெர்னா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆட்டின் எதிரில் குந்தி, அது மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க ஊரு ஜெயிச்சா மீனால ஜெயிச்சதும்பாங்க" என்றாள் வெர்னா. இப்போது அவள் குரலிலும் கொஞ்சம் கவலை இருந்தது. "உனக்குப் பொண்ணு குடுத்த ஊரும்பாங்க."

"மலைக்காரன் ஜெயிச்சா ஆட்டால ஜெயிச்சதும்பாங்க."

"அப்ப ரெண்டு பேர் குடுத்ததையும் ரெண்டு பேருக்கே போட்டுடு. கணக்குத் தீந்து போயிடும்."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. சனிக்கிழமை காலை முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய பானையை ஏற்றினார்கள். சீமைப்பலா, கிழங்கு, உப்புக்கறி, தேங்காய்ப்பால், மேலே சேம்பிலை மூடி, எண்ணெய் பிரியும்வரை தீவுக்காரர்களின் விருந்துச் சமையலான ஆயில்டவுன் வெந்தது. பக்கத்துச் சட்டியில் மீன். இரண்டு ஊருக்கும் ஆள் விட்டு அழைத்திருந்தார்.

எல்லோரும் வந்தார்கள். எதல்பர்ட் ஜாதிக்காய் நிறுக்கிற கவனத்தோடு கரண்டியில் அளந்து அளந்து போட்டார். ஒரு ஊருக்கு ஒரு மீன் துண்டு கூடிவிடக் கூடாது. பசியோடு வந்தவர்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

பெத்தி ஆன்ஸ் அணியின் தலைவன் கிழங்கை மென்றபடி, "முட்டி எப்படி இருக்கு மொடெஸ்ட் அண்ணே?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு."

"பாத்துக்கங்க. முட்டிக்கு எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

எதல்பர்ட்டின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

மோர்ன் லாங் கோல்கீப்பரின் அம்மா அருகில் வந்து அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நாளைக்கு வெயில் கொளுத்துமாம் தம்பி. வீட்டோட இருக்கறவங்களுக்கு ஒரு கெடுதலும் வராது."

அவர் அவர்கள் முகங்களைப் பார்த்தார். மிரட்டுகிறவர்களின் முகமாக அவை இல்லை. எல்லாம் அன்பாக இருந்தன. அதனால் இன்னும் பயந்தார். போகும்போது இரண்டு ஊர்க்காரர்களும் அவர் தோளைத் தொட்டுவிட்டு, இருமல் நோயாளியிடம் விடைபெறுவதுபோலப் போனார்கள். மீந்துபோனதை வெர்னா ஆட்டுக்கு வைத்தாள்.

எதல்பர்ட் படியில் உட்கார்ந்தார். வெர்னா பானை தேய்க்கும் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் நின்றது. கீழே கடற்கரையில் மீன் வந்துவிட்டதென்று யாரோ சங்கு ஊதினார்கள். அவர் விசிலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இருபது வருடத்தில் அதை ஒருமுறைகூட யாருக்காகவும் ஊதியதில்லை. யாருக்காகவும் ஊதாமல் இருந்ததுமில்லை. நாளை எந்த ஊர் ஜெயித்தாலும் மற்ற ஊர் இந்த விசிலைப் பற்றித்தான் பேசும். ஆசைப்பட்டது ஒரே ஒரு ஆட்டம். அந்த ஒரே ஆட்டத்தை ஊதினால் மற்ற எல்லா ஆட்டத்தின் மேலும் கறை படிந்துவிடும்.

பிறகு பை கிழிந்த சட்டையை எடுத்து, மற்ற நாட்களைவிட மெதுவாக மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தார்.

அலெக்சிஸின் கடையில் சனிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம். லென்னாக்ஸும் இன்னும் மூவரும் மூலையில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். எதல்பர்ட் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

"அலெக்சிஸ், நாளைக்கு நான் ஊதல."

கெஞ்சுவார், காரணம் கேட்பார், குறைந்தது நாற்காலியாவது இழுத்துப்போடுவார் என்று எதிர்பார்த்திருந்தார். அலெக்சிஸ் கல்லா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நெசமாவா எதல்?"

"நெசமாத்தான்."

"பெரிய மனசு உனக்கு. மாத்த மாட்டியே?"

"மாத்த மாட்டேன். யாரு ஊதுவா?"

"ஃபாதர் கேப்ரியல் ஒத்துக்கிட்டாரு."

"எப்போ?"

அலெக்சிஸ் கொஞ்சம் யோசித்தார். "புதன்கிழமை" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு கோப்பையில் ரம் ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

எதல்பர்ட் அதைத் தொடவில்லை. புதன்கிழமையை மனசுக்குள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார், எங்கும் பொருந்தவில்லை. அதை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

"ரெண்டு ஊருக்கும் சொல்லிடு. எதல்பர்ட் மொடெஸ்டை யாராலயும் விலைக்கு வாங்க முடியலன்னு சொல்லு. ஜெயிக்கறதுக்காக ஆடு வரைக்கும் அனுப்பிப் பாத்தாங்க, முடியல."

லென்னாக்ஸ் தன் டாமினோக் கட்டையை மேசையில் வைத்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னான்.

"ஜெயிக்கறதுக்கு இல்லண்ணே, ரெண்டு ஊரும் ஒண்ணா உக்காந்து பேசி, ஆட்டம் இருட்டுறதுக்குள்ள முடியணும்னா நீங்க வீட்டோட இருக்கணும்னு அனுப்பினது அது. நீங்க திருப்பி அனுப்ப அனுப்ப, மனுஷனுக்குப் பத்தல போலன்னு ஆடு வரைக்கும் ஏத்திட்டாங்க."