அம்பிகா ஷூக்கடை மேல் படையெடுத்த படலம்

இடுப்பில் வேல் பாய்ந்தாற்போன்ற வலி ஏந்தி, பிடரி நுகத்தடியாய் இறுக, ஷூவின் மேல்தோல் தைக்கும் இயந்திரத்தின் முன் பகலெல்லாம் குனிந்திருந்து, கம்பெனி வண்டியில் இருக்கை கிட்டாமல் நின்றபடியே ஆம்பூர் மீண்ட ஊசிமுனை அரசியே, பசை மணக்கும் விரலாளே, அம்பிகாவே, நீ வாழ்க! வலிக்கு மாத்திரை போடவும் பொழுதின்றி நீ நிகழ்த்திய மாப்போரைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் தத்தம் ஷூவைச் சற்றே தளர்த்திக்கொள்வாராக.

மற்ற வீரர் மழலைப் பருவத்தில் புலிக்குட்டியோடு மல்லுக்கு நிற்பர். இவளோ ஷூவுக்குள் கைவிட்டாள். தாய் பாக்யலட்சுமி, கம்பெனிகள் கழித்துத் தள்ளிய ரிஜெக்ட் ஷூக்களைத் துடைத்து, பாலீஷ் ஏற்றி, வடிவம் குலையாதிருக்க முனையில் பழைய பத்திரிகைத் தாள்களைத் திணித்து, பஜாரில் குர்ஷித் பாயின் கடைக்குத் தருபவள். அத்தாள்களை உருவி உருவிப் படித்ததே அம்பிகாவின் குருகுலவாசம். வலது ஷூவில் கொலை நடக்கும். கொலைகாரன் இடது ஷூவில் ஒளிந்திருப்பான். சில வேளை அவன் முந்தைய மூட்டையிலேயே தப்பிப் போயிருப்பான். அப்போதெல்லாம் முடிவைத் தானே கட்டிக்கொண்டாள். முனை சப்பிப்போன ஷூவுக்காக முதுகில் வாங்கியும் கொண்டாள்.

இவ்வாறு இலக்கியம் பயின்ற நங்கை, அந்தத் தாள்களையே பொருளாக்கித் தன் கதையை ஒரு கட்டுரையாய் எழுத, சிறுபத்திரிகையொன்று அதை மூன்று தாள்களில் அச்சேற்றியது. முடிவை மட்டும் கொஞ்சம் மாற்றியிருப்பதாக ஆசிரியர் போனில் சொன்னார். எப்படி மாற்றினார் என்பதைச் சொல்லவில்லை. ஆம்பூர்க் கடைகளில் கண்ணுக்கே படாத அப்பத்திரிகையின் ஒற்றைப் பிரதி தபாலில் வந்திறங்கிய நண்பகலில் அவள் கம்பெனியில் இருந்தாள். வீட்டிலோ எழுத்தறியாத பாக்யலட்சுமியும், காகிதப் பஞ்சமும்.

"புதுசா, மொறமொறன்னு இருந்திச்சிடி. முனை நல்லா நிக்கும்னு கிழிச்சி வெச்சேன். குர்ஷித் பாய் வந்து எடுத்துனு போய்ட்டாரு."

"அது நான் எழுதுனதும்மா."

அன்னை பாலீஷ் துணியைக் கீழே வைத்துவிட்டு, "பேரு போட்ருந்தானா?" என்றாள்.

"போட்ருப்பான்."

"அப்போ இன்னும் இன்னா நின்னுனு இருக்க? ஓடு."

எழுந்தது படை! தேரும் அவளே, கரியும் பரியும் அவளே. பிரியாணி அண்டாக்கள் ஆவியம்பு தொடுத்து வயிற்றைத் தாக்கின. காலையில் தின்ற இரண்டு இட்லியின் பலத்தில் அவற்றைக் கடந்தாள். குர்ஷித் பாயின் கடைக்குள் புயலெனப் புகுந்து, கறுப்புச் சேனை மேலும் பழுப்புச் சேனை மேலும் வீழ்ந்தாள். குடல் சரிந்த போர்வீரர்போல் ஷூக்கள் தங்கத்தின் விலையையும் வரன் தேவையையும் ராசிபலனையும் கக்கின. முனையெல்லாம் சப்பிப் போச்சே, இன்னா பேஜார் இது என்று பாய் புலம்பினார். இரண்டாம் தாள் சிறைமீண்டது.

முதல் தாளோ, ஒரு கால் ஷூவும் மறுகால் வெறுமையுமாய் ஸ்டூலில் வீற்றிருந்த லாரி டிரைவர் புகழேந்தியின் கையில் இருந்தது. அவன் அதைப் படித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு முனையைப் பற்ற, அவன் மறுமுனையை விடாதிருக்க, வானோர் எட்டிப் பார்க்கத்தக்க இழுபறி மூண்டது.

"இரும்மா, படிச்சினு இருக்கேன்ல."

"அது என்னுது."

"ஷூக்குள்ள இருந்திச்சி. ஷூவ நான் வாங்குறேன்."

"மேல பேரைப் பாருங்கண்ணா. அம்பிகா. நான்தான்."

அவன் பெயரைப் பார்த்தான். அவள் விரல் நுனியில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தான். "அப்போ மிச்சம் எந்த ஷூல கீது?" என்றான்.

உடைவாளை ஒப்படைக்கும் தளபதிபோல் இரண்டாம் தாளை நீட்டினாள். உதடசைத்துப் படித்தான். ஓரிடத்தில் சிரித்தான். முதுகில் அடி வாங்கிய இடத்தில் சிரிக்கவில்லை. தன் எழுத்தை ஒருவர் படிப்பதை அம்பிகா அன்றுதான் கண்ணால் கண்டாள். இடுப்புவலி எங்கோ போய்விட்டது. படித்து முடித்தவன் மூன்றாம் தாளுக்குக் கை நீட்டினான்.

பாய் தாடியைச் சொறிந்தார். கலவை என்னும் ஊரிலிருந்து வந்த ஒருவர் சற்றுமுன் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். மூன்றாம் தாளும் அதனுள்ளேயே ஊர் போயிற்று.

"கடைசில இன்னா ஆச்சு?" என்றான் புகழேந்தி.

"எனக்கே தெரியாதுண்ணா. மாத்திட்டாங்க."

"எழுதுன உனக்கே தெரியாதா? இது நல்லா கீதே. கெடச்சா எனக்குக் குடுத்துடணும்."

குடுக்கிறேன் என்று பஜார் சாட்சியாக, பாயின் தாடி சாட்சியாக வாக்களித்து, இரு தாள்களையும் வெற்றிக்கொடியென உயர்த்தி வீடு மீண்டாள். பாக்யலட்சுமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எது பேரு என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் விரலால் நீவிச் சுருக்கம் எடுத்தாள்.

புகழேந்திக்குக் கடைசித் தாளை இன்னும் கொடுக்கவில்லை; அது கலவையிலிருந்து திரும்பினால்தானே.