அண்ணாந்தார் மாத்திரை போடுகிறார்

மனுஷன் நிலாவில் இறங்கியதைப் பெரிதாகப் பேசுகிறவர்கள், எங்கள் அண்ணாந்தார் தொண்டையில் மாத்திரை இறங்குவதைப் பார்த்ததில்லை. பெரியகுளத்தில் ஒரு மாங்காய் மண்டியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், காலையில் பாதிக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வரும். மாங்காய் வாங்குவதெல்லாம் அப்புறம்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. மண்டியில் ஏலம் கூறுகிறவர். குவியல்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று "ஒரு தரம்" என்றால், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் எழுந்து மூன்றாம் தரத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பான். மீசையையும் தொப்பையையும் பார்த்தால் மாங்காயை லாரியோடு விழுங்குகிற ஆள் மாதிரி இருக்கும். ஆனால் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு மாத்திரை அவரைப் படுத்தி எடுத்துவிட்டது.

தலைசுற்றல் வியாதி அவருக்கு. ஒருநாள் ரெண்டாம் தரம் சொல்லிவிட்டு மூன்றாவதைச் சொல்வதற்குள் ஸ்டூலோடு சாய்ந்து செந்தூரக் குவியல் மேல் விழுந்தார். அடி என்னவோ மாங்காய்க்குத்தான். ஆனாலும் முதலாளி பயந்துபோனார்.

"அண்ணே, இனிமே எங்கண்ணு முன்னாடி மாத்திரையப் போட்டுட்டுத்தான் ஏறணும். இன்னொருக்கா விழுந்தீகன்னா வீட்டுல உக்காந்துக்கிருங்க. வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

வீடு என்றால் அவருக்கு நாலு சுவர். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது, மகள் திருப்பூரில். அந்த ஸ்டூலையும் பிடுங்கிவிட்டால் மனுஷனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால் தினமும் ஏலத்துக்கு முன்னால் மாத்திரைத் திருவிழா ஆரம்பமானது.

நாக்கின் நடுவில் மாத்திரையை வைப்பார். சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பார். கோழி மாதிரி வானத்தைப் பார்த்து அண்ணாந்து நிற்பார். தண்ணீர் போய்விடும், மாத்திரை இருக்கும். வாயைத் திறந்து காட்டுவார். அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். மறுபடி சொம்பு, மறுபடி வானம். இப்படி அண்ணாந்து அண்ணாந்தே அந்தப் பேரை வாங்கினார்.

யோசனை சொல்லாத ஆள் இல்லை. கேரளத்து லாரி டிரைவர் முதலில் வெள்ளம், அப்புறம் மாத்திரை என்றார். அதில் சட்டைதான் நனைந்தது. சொந்தத் தோப்பிலிருந்து காய் கொண்டுவரும் ஜெயமங்கலத்து அக்கா, மாம்பழத் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தது. பழம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நாக்கு மட்டும் கொட்டையைப் பிரித்தெடுக்கிற மாதிரி மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டது. நான் பொடி பண்ணிப் பழத்தில் தடவிக் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பழம்தான் கசக்கிறது என்று நினைத்த ஒரு வியாபாரி அந்தக் குவியலையே வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் எப்படியோ மாத்திரை இறங்கும்போது மண்டியே பெருமூச்சு விடும்.

ஒருநாள் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். விவரமும் சொல்லியிருப்பார். அண்ணாந்தார் காதில் அண்ணாந்தார் குரலைத் தவிர எது விழுந்திருக்கிறது? மறுநாள் வழக்கம்போல அக்காவின் பழத்துண்டு, உள்ளே மாத்திரை, சொம்பு, வானம். வாயைத் திறந்தார். மாத்திரையைக் காணோம்.

இறங்கிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவர் ஒப்பவே இல்லை. "எறங்குனா எந்தொண்டைக்குத் தெரியாதா? கீழதான் விழுந்துருச்சு. இங்கனதான் கெடக்கும், தேடுங்கடா" என்றார்.

தேடினோம். முதலாளி முட்டி போட்டு செல்போன் வெளிச்சத்தில் ஸ்டூலுக்கு அடியில் துழாவினார். கல்லாமை மாங்காய்க் குவியலைப் புரட்டிப் போட்டோம். ஏலம் நின்று, வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாந்தார் பொறுமையிழந்து இன்னொரு மாத்திரையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். நான் அட்டையை வெடுக்கென்று பிடுங்கிப் படித்தேன். வாயில் வைத்தால் தானே கரைந்துவிடும், தண்ணீர் தேவையில்லை என்று போட்டிருந்தது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? காணாமல் போகிறதெல்லாம் ஒரு மருந்தா என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் சோதனை. பழம் இல்லை, சொம்பு இல்லை. நாக்கில் மாத்திரையை வைத்து வாயைத் திறந்தபடியே நின்றார். நாங்கள் முண்டியடித்து எட்டிப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாத்திரை இளைத்து, பொடிந்து, இல்லாமலே போனது.

"இனிக்குதுடா" என்றார், வரம் வாங்கினவர் மாதிரி.

தொல்லை விட்டது. வருவார், நாக்கில் ஒன்றை வைப்பார், ஸ்டூலில் ஏறுவார். தலை சுற்றவில்லை. முதலாளியும் நின்று பார்ப்பதை விட்டுவிட்டார். கூட்டமும் நேரே ஏலத்துக்கு வந்தால் போதும் என்று பழகிவிட்டது. டிரைவர் லாரியிலேயே ஒரு தூக்கம் போட்டார். அக்கா தன் குவியலை விட்டு நகரவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணாந்தார் குரல்தான் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. "ஒரு தரம்" என்பது வாசல் வரைக்கும்கூடக் கேட்கவில்லை. உடம்பு தேறவில்லை போல, வேற ஆள் பார்த்துவிடலாமா என்று முதலாளி என்னிடமே கேட்டுவிட்டார்.

டீக்கடையில் அவரைப் பிடித்து, இன்னும் தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"தலையெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "முன்னெல்லாம் ஒரு மாத்திர போட அத்தன பேரு என் வாயப் பாத்துக்கிட்டு நின்னீக. இப்ப போட்டியா போடலையான்னு கேக்க ஒரு நாதி இல்ல. வீட்டுலதான் அப்பிடின்னா இங்கனயுமா?"

இத்தனை நாள் அந்த மனுஷனை வேடிக்கை பார்க்கிறோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்! நேராகப் போய் முதலாளியிடம் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன், தூங்கின டிரைவரையும் எழுப்பிச் சொன்னேன்.

மறுநாள் அவர் அட்டையை எடுத்ததும் ஆளாளுக்கு வந்து சூழ்ந்துகொண்டோம். அவர் திகைத்துப்போய் மாத்திரையை நாக்கில் வைத்தார். அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தது.

"எங்க, வாயத் தொறங்க பாப்போம். ம்... கரைஞ்சிருச்சு. ஆனா நாளைக்கும் வந்து பாப்போம். நீங்க சொல்றத நம்ப முடியாது."

அவர் மீசையைத் துடைக்கிற சாக்கில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் தரத்துக்கு, தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார்.

நான் அந்த மண்டியில் இருந்தவரைக்கும் அது தொடர்ந்தது. அந்த மாத்திரை கரைய அரை நிமிஷம்கூட ஆகாது. கரைந்துவிட்டது என்று எங்களில் யாரும் அவசரப்பட்டுக் கலைந்துபோனதில்லை.