சிமிழுக்குள் சிக்கிய தாலி

என் கல்யாணத்தில் தாலியைக் கட்டுவதற்கு முன்னால் அதை நெருப்பில் வாட்ட வேண்டியிருந்தது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். அவள் சொல்லும்போது அந்த நெருப்பு இன்னும் கொஞ்சம் உயரமாக எரியும்.

இதற்குக் காரணம் பெண் வீட்டாரும் அல்ல, ஐயரும் அல்ல, கிரகங்களும் அல்ல (மூன்று தரப்புக்கும் அன்று திட்டு விழுந்தது). ஒரு சின்ன மரச் சிமிழ்தான் காரணம். அதைக் கடைந்தவன் நான்.

அப்போது இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு வேலை. தேயிலை அரைத்துக் காயவைக்கும் ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவதும், பழுதானதைக் கழற்றிப் பூட்டுவதும் என் பொறுப்பு. கழற்றுவது எனக்கு வியாதி மாதிரி. மூடியிருக்கும் எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஒருமுறை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் மேசைக் கடிகாரத்தைத் திறந்து பூட்டினேன். ஒரு சக்கரம் மிச்சம் வந்தது. ஆனால் கடிகாரம் ஓடியது. அந்தச் சக்கரம் அதுவரை உள்ளே என்னதான் செய்துகொண்டிருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பெண் நிச்சயமான கொஞ்ச நாளில், ஏதோ ஒரு இரும்புச் சாமான் வாங்கிவரச் சொல்லிக் கண்டிக்கு அனுப்பினார்கள். வாங்கியாயிற்று, பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, கால் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சிங்களக் கிராமத்தில், ஒரு மனிதர் வாசலில் உட்கார்ந்து மரம் கடைந்துகொண்டிருந்தார். சுழலும் மரத்தில் ஒரு சிவப்புக் குச்சியை அழுத்தினார். குச்சி உருகி மரத்தின் மேல் பட்டையாகப் படர்ந்தது. பிறகு ஒரு காய்ந்த ஓலையை அழுத்தினார். மரம் ஈரத் தக்காளி மாதிரி மின்னியது.

அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, அரக்கு எப்படி உருகுகிறது? குனிந்து தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. உராயும் சூட்டிலேயே உருகுகிறது! அன்று நான் பஸ்ஸை விட்டேன். அதற்கடுத்த பஸ்ஸையும் விட்டேன். கிளம்பும்போது என் பையில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு அரக்குக் குச்சிகள் இருந்தன. வாங்கச் சொன்ன இரும்புச் சாமான் அவர் வாசலிலேயே இருந்தது (அதற்கு மறுநாள் இன்னொரு பயணம்).

அவர் கூரை இறவாணத்தில் மரத்துண்டுகளை அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்தேன். மழையும் வெயிலும் அடித்து மாதக்கணக்கில் காயட்டும் என்று விட்டிருக்கிறார். பாவம், அவரிடம் டிரையர் இல்லை என்று மனதுக்குள் இரக்கப்பட்டேன்.

எங்கள் ஸ்டோரில் டிரையர் இருந்தது. கொழுந்தைக் காயவைக்கும் அந்தப் பெரிய இயந்திரத்தின் தலைமேல் சவுக்குக் கட்டைகளை ஏற்றினேன். மலைநாட்டிலேயே அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது. வெளியே மூடுபனியில் மூக்கு ஒழுகும்போது அங்கே நின்றால் சட்டை மொடமொடக்கும். அதே சுவருக்கு இந்தப் பக்கம் பட்டறை. இரும்பு கடைவதற்கென்று வைத்திருந்த இயந்திரத்தில் நான் மரம் கடையத் தொடங்கினேன்.

முதல் சிமிழ் வெடித்தது. அடுத்ததன் உட்புறத்தைக் குடைந்துகொண்டே போனேன். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியாது; சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் மெலிந்ததும் நிறுத்தியிருக்கலாம். இன்னும் எவ்வளவு மெலியும் என்று பார்க்க ஆசை. உளி அடிப்பக்கமாக வெளியே வந்து எனக்கு வணக்கம் சொன்னது. இன்னொன்று இயந்திரத்தின் பிடியிலிருந்து பறந்துபோய்க் கண்டாக்கையாவின் தொப்பியைத் தட்டிவிட்டது. மலைத்தோட்ட வேலையை மேற்பார்க்கும் அவர், அதற்குப் பிறகு பட்டறையை எட்டிப் பார்ப்பதற்கு முன் இருமுவார்.

கடைசியில் ஒன்று வாய்த்தது. உருண்டை வயிறு, குமிழ் வைத்த மூடி, சிவப்பில் மஞ்சள் வரிகள். மூடியை மேலே வைத்துக் கையை எடுத்தால், உள்ளிருக்கும் காற்றை மெதுவாக வெளியேற்றிக்கொண்டு தானாக இறங்கி உட்காரும். அதைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்ப மூடினேன். மூடி உட்காரும் விளிம்பு மட்டும் வெள்ளை மரமாக இருந்தது. அதையும் ஏன் விட வேண்டும் என்று அங்கேயும் அரக்குப் பூசினேன். தாலியை இதில் வைத்துத்தான் மணமேடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"தாலிய தேங்கா மேல வச்சு எல்லாரும் கண்ணால பாக்கணும்டா. டப்பாவுக்குள்ள போட்டு மூடுறது என்னா வழக்கம்?"

"டப்பா இல்லம்மா, சிமிழு. நானே கடைஞ்சது."

"அதான் பயமா இருக்கு" என்றாள் அம்மா.

வைகாசி கடைசி முகூர்த்தம். ஒரு வாரமாக மழை விடவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் சுவர்களிலெல்லாம் தண்ணீர் வியர்த்தது. விடியற்காலையில் அம்மா தாலிக் கயிற்றை மஞ்சளில் நனைத்து வைத்தாள். "கொஞ்சம் காயட்டும்டா, பொறு." நான் பொறுக்கவில்லை. மூடிவிட்டால் ஈரம் யாருக்குத் தெரியப்போகிறது? ஈரக் கயிற்றோடு தாலியை உள்ளே வைத்தேன். மூடி காற்றை விட்டுக்கொண்டு அழகாக இறங்கியது. அதுதான் கடைசியாக இறங்கியது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தட்டில் சிமிழை வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றுக்கு அனுப்பினார்கள். "யாரும் தொறந்துராதீங்க, மேடையிலதான் தொறக்கணும்" என்று நான் கட்டளை போட்டிருந்தேன். தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதானே முறை? தாலி உள்ளே இருக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் மூடியைத் தொட்டார்கள். தொட்டார்கள் என்றால், நன்றாக இருக்கட்டும் என்று உள்ளங்கையை வைத்து மனதார அழுத்தினார்கள். தோட்டம் முழுவதும் அழுத்தியது. கந்தப்பளையிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்த பெண் வீட்டாரும் அழுத்தினார்கள்.

பெண்ணின் பெயர் மரகதம். குனிந்த தலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் சிமிழைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினார். வரவில்லை. மந்திரத்தை நிறுத்தாமல் இன்னொரு முறை திருகினார். முகம் சிவக்க, மூச்சைப் பிடித்துக் கையை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தார். உயர்ந்த கையைக் கண்டதும் மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார்கள். அட்சதை மழையாகக் கொட்டியது. எல்லாரும் வாழ்த்தி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மாப்பிள்ளையாகிய நானும் ஐயரும் ஒரு சிமிழை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிறகு நடந்ததைக் கல்யாணம் என்று சொல்ல முடியாது. கண்டாக்கையா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து இழுத்தார். மேளக்காரர் இழுத்தார். வேட்டி நுனியைச் சுற்றித் திருகினார்கள், துண்டைக் கட்டி இழுத்தார்கள். ஒருவர் காதில் வைத்துக் குலுக்கி, "உள்ளதான் இருக்கு" என்று ஊருக்கு அறிவித்தார். பெரிய கங்காணி அம்மிக்கல்லைக் காட்டி, "ஒரே தட்டு" என்றார். தாலியை உள்ளே வைத்துக்கொண்டு அதன் மேல் தட்டுவதா என்று பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார்.

அப்போது பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"தாலியே வெளிய வர மாட்டேங்குது. ஆத்தாளுக்கு இஷ்டமில்ல. முகூர்த்தமும் முடியப் போவுது. எந்திரி புள்ள, பஸ்ஸு நிக்குது."

எழுந்து போன பெண்ணை இன்னொருவன் கட்டுவானா? எழுந்து போக விட்டவனுக்குத்தான் இன்னொருத்தி கிடைப்பாளா? அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஸ்டோர் டிரையருக்குள் போய்ப் படுத்திருக்கலாம்.

மரகதம் எழுந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தி, என்னிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"இத எங்க வச்சுக் கடைஞ்சீங்க?"

"ஸ்டோருல."

"மரம்?"

"சவுக்கு. டிரையர் மேல காயவச்சது."

"அப்ப ஈரம் பட்டு ஊதியிருக்கு. மூடி உக்கார்ற எடத்துலயும் அரக்கு பூசுனீங்களா?"

"பூசுனேன்."

"ஏன்?"

"அழகுக்கு" என்றேன்.

அவள் ஐயரைப் பார்த்தாள். "சாமி, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பிடிக்குள்ள அரக்குல ஒட்டியிருக்கும்ல? பிடி மாத்துறப்ப எங்கப்பா நெருப்புல காட்டித்தான் கழட்டுவாரு. இதையும் காட்டுங்க."

தாய்மாமன் வாயைத் திறந்தார். அவருடைய அக்கா, அதாவது பெண்ணின் அம்மா, "நீ சும்மா இருடா" என்றார். மாமன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஓமகுண்டத்தின் மேல் சிமிழைப் பிடித்துச் சுழற்றினேன். மொத்தக் கூட்டமும் எழுந்து சுற்றி வந்து எட்டிப் பார்த்தது. மஞ்சள் வரிகள் சிவப்புக்குள் வழிந்தன. அரக்கு வாசனை சாம்பிராணியை அமுக்கியது. ஒரு திருகல், 'பொளக்'. மூடி வந்துவிட்டது! தாலியோ கொழகொழத்த அரக்கோடு மூடிக்குள் ஒட்டியிருந்தது. பெருவிரலால் அழுத்தி, பிடுங்கி எடுத்தேன். விரல் வெந்தது. கத்தினால் மாமனுக்கு வசதியாகப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முகூர்த்தம் முடிவதற்குள் முடிச்சுப் போட்டேன். மேளம் முழங்கியது. போடுவதற்கு அட்சதைதான் யாரிடமும் மிச்சமில்லை.

கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

விரலில் இருந்த அரக்கு ஆறி, கயிற்று முடிச்சோடு இறுகிவிட்டது. என் கை மரகதத்தின் பிடரியில் இருக்கிறது.

"என்னா?" என்றாள் மெதுவாக.

"ஒட்டிக்கிச்சு."

"இழுக்காதீங்க, கயிறு அறுந்துரும்."

அறுந்துவிடும் என்ற சொல் காதில் விழுந்த ஐயர் நடுங்கிவிட்டார். "அப்படியே வலம் வந்திடுங்க" என்றார். அப்படியே வந்தோம். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வலம் வருவதுதான் ஊர் வழக்கம். நான் பெண்டாட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு அக்கினியைச் சுற்றினேன். இவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறானே என்று பந்தலில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

சூடு காட்டினால்தான் கழலும், பிடரியில் நெருப்பைக் காட்ட முடியாது. கண்டாக்கையாதான் தேத்தண்ணி அண்டாவைக் காட்டினார். அம்மா துணியைத் தேத்தண்ணியில் தோய்த்து என் விரல்களின் மேல் வைத்து வைத்து எடுத்தாள். சாயம் மரகதத்தின் முதுகில் ஓடிக் கூறைச் சேலையை நனைத்தது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இது சீனி போட்டதா, போடாததா?" என்று கேட்டாள்.

"போட்டது."

"எறும்பு வரும்" என்றாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில்தான் விரல் கழன்றது என்று நான் சொல்லுவேன். தேத்தண்ணியில்தான் என்று அவள் சொல்லுவாள்.

எங்கள் வீட்டில் இன்றும் எந்தப் போத்தல் மூடி இறுகினாலும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "எங்க வச்சுக் கடைஞ்சீங்க?" என்கிறார்கள். சிமிழ் கோணிப்போய் முட்டை வடிவத்தில் இருக்கிறது. மரகதம் அதில் ஊசி நூல் வைத்திருக்கிறாள். மூடியை அவள் அன்றைக்கே எங்கேயோ எறிந்துவிட்டாள்.

தாலியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு நின்றுவிட்டது. உற்றுப் பார்த்தால் அதில் என் பெருவிரல் ரேகை தெரியும். கயிறு போய்ச் சங்கிலி வந்த பிறகும் அது போகவில்லை. அட்டனில் தட்டாரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சுரண்டிக் கொடுத்துவிடுவார் என்று எங்கள் மூத்த மகள் ஒருநாள் சொன்னாள். எந்த நாட்டுக்கும் குடிமக்களாக இல்லாத எங்கள் காலத்தில், தோட்டமே வரிசையில் நின்று பிரஜாவுரிமை மனுக்களில் பெருவிரலை அழுத்திய கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

மரகதம் தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஊரே பேப்பருல கைநாட்டு வச்சுட்டு, பதிலு வரும் வரும்னு காத்துக்கெடந்துச்சு. உங்கப்பா என் கழுத்துல வச்சாரு. அது அன்னைக்கே செல்லுபடி ஆயிருச்சு. யாரும் சுரண்ட வேணாம்."