முக்கோணம் நடத்திய மூளை முகாம்

காவிரிக் கரையில் முக்கோணம் ஆம்பளைகளை ஓடவிட்ட மாதிரி இன்றுவரை வேறு யாரும் ஓடவிட்டதில்லை. போலீஸ்காரர் வந்தால்கூட நின்று "என்னங்க?" என்று கேட்பார்கள். முக்கோணத்தின் சைக்கிள் மணி கேட்டால் போதும், பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் வரைக்கும் மீசை வைத்தவனெல்லாம் கரும்புக் காட்டுக்குள் புகுந்துவிடுவான். தோகை கிழித்த உடம்போடு பொழுதோட வெளியே வந்து, பெண்டாட்டியிடம் "அந்தாளு போயிட்டானா?" என்று கேட்பான்.

காரணம் இருக்கிறது. மனிதர் எங்கள் யூனியன் ஆபீசில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் செய்கிறவர். எழுபதுகளின் கடைசி. ஊர்ச் சுவர்களில் பாதியைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் அடைத்துக்கொண்டிருந்த காலம்; அதுவே அவருக்குப் பட்டப்பேராகிவிட்டது. வாளி தருகிறோம், பணம் தருகிறோம் என்று கூப்பிட்டும், சில இடங்களில் கூப்பிடாமலே ஜீப்பில் ஏற்றியும் ஆபரேஷன் செய்ததில் ஜனங்கள் மிரண்டு போயிருந்தார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும், பாவம். சம்பளப் பட்டியல் டைப் அடித்த எனக்கே யோசித்தால்தான் வரும். நான் அந்த ஆபீசில் டைப்பிஸ்ட்.

ஒருநாள் காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"அம்மிணி, மூளை முகாம் ஒண்ணு நடத்தப் போறேனுங்க. நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கோணும்."

"இனி மூளைக்கும் ஆபரேஷன் வந்திருச்சுங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுபோனது.

ஊருக்கெல்லாம் ரெண்டு பிள்ளை போதும் என்று தொண்டை வற்றப் பேசியவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. வீட்டில் அவரும் அக்காவும்தான். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா. ஜேடர்பாளையத்தில் வாக்கப்பட்டு, புருஷன் போன பிறகு தம்பியோடு வந்துவிட்டார். அந்தக் காலத்துப் பொம்பளை, புருஷன் பேர் வாயில் வராது. ரேஷன் கார்டு எழுத வந்தவர் வற்புறுத்திக் கேட்டதற்கு, "முருகன் கோவணத்தோட நிக்கிற மலைங்க" என்று விடுகதை போட்டாராம். அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் தம்பிக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து, "பழனிச்சாமி இன்னும் உண்ண வரலியே" என்றிருக்கிறார். புருஷன் செத்து வருஷக்கணக்காகிறது.

"செத்தவரு வருவாருன்னு பாத்ததுகூட என்னைய ஒண்ணும் பண்ணலீங்க அம்மிணி. பேரச் சொன்னாங்க பாருங்க..." என்றார் முக்கோணம். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் தம்பி கண் அசந்தால் போதும், அக்கா ஜேடர்பாளையம் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிடுவார். புருஷனுக்குச் சோறு போட வேண்டுமாம். ஊர் இருக்கிறதே, அதற்கு யோசனை சொல்லக் காசா பணமா! "வயசாச்சு, அறளை பேந்திருச்சு, விட்டுத் தள்ளுங்க" என்றது ஒரு கட்சி. "காத்துக் கருப்பு அடிச்சிருக்குது, கோயில்ல கொண்டுபோய்ச் சங்கிலியில கட்டிப் போடுங்க" என்றது இன்னொரு கட்சி. எங்கள் ஆபீஸ் மேனேஜர் படித்தவர் இல்லையா, நாகரிகமாக, "வெளிப்பக்கம் பூட்டிட்டு வந்திருய்யா" என்றார்.

"எங்கக்கா என்ன கோழிங்களா, கொடாப்புல போட்டு மூடறதுக்கு?" என்று முக்கோணம் சீறினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சேலத்தில் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார். பேயுமில்லை, பைத்தியமுமில்லை, மூளைக்கு வருகிற வியாதி இது, குணமாக்க மருந்து கிடையாது, எதிர்த்துப் பேசாமல் மிரட்டாமல் வேளைக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸிலேயே முக்கோணத்துக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. வீட்டுக் கதவைப் பூட்டுவதற்குப் பதில், அக்கா நடக்கிற ரோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் இதைச் சொல்லி வைத்துவிட்டால் என்ன? யார் வீட்டுப் பெரியவர் வழி தவறி வந்தாலும் உட்கார வைத்து, ஆளுக்குச் சொல்லி அனுப்புவார்கள் இல்லையா? மேலிடத்து உத்தரவு இல்லாமல், பயணப்படி வாங்காமல் எங்கள் யூனியனில் நடந்த ஒரே திட்டம் அதுதான்.

முதல் முகாமுக்கு ஈ காக்கை வரவில்லை. அறுபது வயசுக்கு மேற்பட்டவர்கள் வரலாம் என்று கொட்டை எழுத்தில் நான் அடித்துக் கொடுத்திருந்தேன். கீழே முக்கோணத்தின் கையெழுத்தைப் பார்த்ததும் ஊர் காலியாகிவிட்டது. வாழைத்தோப்பில் ஒளிந்திருந்த ஒரு பெரியவரை இவரே தேடிப் பிடித்தார்.

"பேரன் பேத்தி எடுத்தாச்சுங்க. இனி எனக்கெதுக்குங்க அந்த ஆபரேசன்?"

"அது இல்லீங்கய்யா. இது மூளைக்கு..."

"ஐயையோ! இப்ப மேல இருந்தே ஆரம்பிக்கிறீங்களா?"

பெரியவர் போட்ட ஓட்டத்தைப் பார்த்தால் அவருக்கு எந்த வியாதியும் இருக்க முடியாது. பெண்கள் மட்டும் தைரியமாக வந்து, "வாளி உண்டுங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், "அப்பறம் என்னத்துக்குங்க முகாமு?" என்று திரும்பிப் போனார்கள். கைக்காசு போட்டு டீயும் பன்னும் ஏற்பாடு செய்தபிறகுதான் மூளையின்மேல் ஜனங்களுக்கு அக்கறை பிறந்தது.

மூளை எப்படி இருக்கும் என்று காட்ட, சேலம் மார்க்கெட்டிலிருந்து ஒரு காலிஃபிளவர் வாங்கி வந்தார். எங்கள் பக்கம் அதை அப்போது பார்த்தவர்கள் குறைவு. மூன்றாவது ஊருக்குப் போவதற்குள் அது கறுத்து நாற ஆரம்பித்துவிட்டது. "இது யாரு மூளைங்க? யூனியன் ஆபீசா?" என்று கேட்டார்கள். மனிதர் அசரவில்லை. "பாத்துக்குங்க, பூவு மேல தப்பு இல்ல. உள்ள வியாதி வந்தா இப்படித்தான் ஆகும். அதப் போயி அடிப்பீங்களா, சங்கிலி போடுவீங்களா?" என்று அதையே வைத்து முழங்கினார். அன்றைக்கு முதல்முறையாகக் கூட்டம் வாயை மூடிக் கேட்டது.

ஞாபகசக்தியைச் சோதிக்க டாக்டரிடம் சில கேள்விகள் கேட்டு வந்திருந்தார். பிரதம மந்திரி யார் என்பது ஒன்று. அந்தச் சமயம் பார்த்து டில்லியில் பிரதம மந்திரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். "போன வாரம் ஒருத்தர் பேரச் சொன்னேன், சரின்னீங்க. இப்ப தப்புங்கறீங்க. மறதி எனக்கா உங்களுக்கா?" என்று ஒரு கிழவர் சண்டைக்கு வந்துவிட்டார். நூறில் ஏழு போனால் எத்தனை என்பது இன்னொரு கேள்வி. வேலூர் வெற்றிலைக்காரர் ஒருத்தர் விடை சொல்லாமல், "நூறு வெத்தல கொண்ட கவுளியில ஏழ எவன் எடுத்தான்? அதச் சொல்லுங்க மொதல்ல!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

தினமும் நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள், ரத்தக்கொதிப்பைப் பாருங்கள், அப்படிச் செய்தால் மூளைக்கு நல்லது என்று ஒரு ஊரில் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா எழுந்து, "நடந்தா மறதி வராதுங்கறீங்களே, உங்கக்கா நடந்துக்கிட்டேதானுங்க இருக்குது?" என்று கேட்டார். முக்கோணம் கையிலிருந்த காலிஃபிளவரைக் கீழே வைத்தார். பிறகு, "அதனாலதானுங்க உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார்.

எல்லா முகாமிலும் கடைசியில் ஒரே உபதேசம்தான். "வழி தவறி வந்தவங்ககிட்ட எதுத்துப் பேசாதீங்க. அவங்க என்ன சொன்னாலும் ஆமாங்க. எங்க போகோணும்னாலும், 'போலாமுங்க, பஸ் வரட்டும், இக்கட்டால, இந்தப் பக்கமா உக்காருங்க'ன்னு சொல்லுங்க. டீ குடுங்க. எனக்குச் சொல்லி உடுங்க." எங்கள் பக்கத்துப் பஸ்களுக்கு அது பொய்யும் ஆகாது.

ஜனங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா எந்தப் பக்கம் நடந்தாலும் வெற்றிலைக்கட்டு வண்டியிலோ வாழைத்தார் லாரியிலோ பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார். ஆனால் நல்ல காரியத்தை அளவோடு செய்கிற பழக்கம் நம் ஜனங்களுக்கு ஏது? கல்யாணத்துக்குத் தனியாக நடந்துபோன திடகாத்திரமான பெரியவர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, முகூர்த்தம் முடியும்வரை பன் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் சர்க்கார் தன் பங்குக்கு ஒரு கூத்தை நடத்தியது. முகாமுக்கு வந்தவர்கள் பேரை எழுத வேறு படிவம் கிடையாது என்று முக்கோணம் கையில் இருந்த ஆபரேஷன் படிவத்திலேயே எழுதி அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர்கள் தலைப்பை மட்டும் பார்த்து, அத்தனை கிழவர்களையும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் யூனியனுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. ஆபீசுக்கே தலைவரான பி.டி.ஓ. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான் வயசுக் கலத்தைப் படித்திருக்கிறான்.

சேலத்திலிருந்து பெரிய ஆபீசர் நேரில் விசாரிக்க வருகிறார், முக்கோணத்தைக் கொல்லிமலைக்குத் தூக்கியடிக்கப் போகிறார் என்று செய்தி வந்தது.

"வேலையே போனாலும் போகுதுங்க அம்மிணி. மாத்தல் மட்டும் வேண்டாம்" என்றார் முக்கோணம். "இந்த ரோட்டுல எல்லாருக்கும் எங்கக்காவத் தெரியும். அங்க யாருக்குத் தெரியும்? மலையில வழி தவறினா நான் எங்கீங்க போயித் தேடுவேன்?"

வருகிற ஆபீசர் நாசமாய்ப் போக என்று மனசாரத் திட்டினேன்.

விசாரணை நாளில் ஆபீசே வெள்ளையடித்துக் காத்திருந்தது. ஆபீசர் வரவில்லை. மத்தியானம் வெற்றிலைக்காரர் ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார்.

"முக்கோணத்தண்ணே, கைகாட்டி டீக்கடையில ரெண்டு பேர உக்கார வெச்சிருக்கோமுங்க. ஒண்ணு உங்கக்கா. இன்னொண்ணு புதுசு. சேலத்து ஆபீசருன்னு சொல்லிக்குது. ரொம்ப முத்திப்போச்சாட்ட இருக்குதுங்க."

பி.டி.ஓ. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜீப்பை எடுக்கச் சொல்லி, முக்கோணத்தை ஏற்றி, என்னையும் ஏறச் சொன்னார். சுருக்கெழுத்து தெரிந்த ஒரே ஜீவன் நான். பெரிய ஆபீசர் திட்டினால் குறிப்பெடுக்க ஆள் வேண்டுமே!

நடந்ததை டீக்கடைக்காரர் பின்னால் பெருமையாகச் சொன்னார். ஆபீசரின் ஜீப் வழியில் படுத்துவிட்டது. தலை பஞ்சாக வெளுத்த மனிதர், ஷூ கடித்ததால் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தனியாக நடந்து வந்து, "இது எந்த ஊருப்பா?" என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கிருந்து வாரீங்க சாமி?"

"நான் பெரிய ஆபீசர்யா. ஜீப் நின்னு போச்சு."

"ஆமாங்க சாமி, நீங்கதானுங்க ஆபீசரு. இக்கட்டால உக்காருங்க."

"உக்கார வரலை. யூனியன் ஆபீசுக்கு வழி சொல்லு."

"போலாமுங்க. ஜீப்பு வருமுங்க. பன்னு தின்னுங்க."

"யோவ், உங்களையெல்லாம் தொலைச்சிடுவேன்!"

"தொலைங்க சாமி. டீயக் குடிச்சுப்போட்டுத் தொலைங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் ஆபீசிலும் அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவோம். ஆனால் இவ்வளவு அன்பாகப் போட்டதில்லை.

நாங்கள் போனபோது பெஞ்சில் ஒரு கோடியில் ஆபீசர், நடுவில் அவருடைய ஷூ, மறு கோடியில் அக்கா. அக்கா அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"வெசனப்படாத சாமி. என்ற தம்பி வந்துருவான். உன்னையும் உங்க ஊட்டுல உட்டுருவான். சொன்னாக் கேப்பான், நல்ல பையன்."

பி.டி.ஓ. "சார்! மன்னிக்கணும் சார்!" என்று ஓடினார். ஆபீசர் துள்ளி எழுந்தார். "எங்கய்யா அந்த ஆளு? நாளைக்கே கொல்லிமலைக்கு மாத்தறேன். எழுதும்மா!"

நான் எழுதினேன். முக்கோணம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் அக்கா முன்னால் நின்றார். அக்கா கையை நெற்றியில் வைத்து அவரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, வார வழியில என்ற தம்பியப் பாத்தீங்களாங்க?"

அதுவரைக்கும் எது மறந்தாலும் அக்காவுக்குத் தம்பி முகம் மறந்ததில்லை. பி.டி.ஓ. "அம்மா, அவர்தான்..." என்று ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

முக்கோணம் அக்கா முகத்துக்கு நேரே குனிந்தார்.

"பாத்தேனுங்க. வந்துக்கிட்டே இருக்காருங்க. அதுவரைக்கும் நான் இங்க உக்காந்துக்கட்டுங்களா?"

"உக்காருங்க, அதுக்கென்ன" என்றார் அக்கா.

பெரிய ஆபீசர் குனிந்து பெஞ்சில் இருந்த தன் ஷூவை எடுத்து இடம் விட்டார். முக்கோணம் உட்கார்ந்தார். "உண்டீங்களா?" என்று கேட்டு, அக்கா தன் பன்னைப் பிட்டு அவர் கையில் வைத்தார். அவர் தின்றார். நான் அழுதேன், வெட்கமென்ன.

ரொம்ப நேரம் கழித்து ஆபீசர் என்னிடம் வந்தார். "என்னம்மா எழுதியிருக்கே?"

"கொல்லிமலைக்கு மாத்தறதா எழுதியிருக்கேனுங்க சார்."

"அடிச்சிரு."

டைப்பிஸ்டிடம் அடிச்சிரு என்றால் ரெண்டு அர்த்தம் உண்டு. எனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அந்த வரியின் குறுக்கே பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாறுதல் வரவில்லை. சர்க்கார் படிவத்தைச் சொந்தக் காரியத்துக்கு உபயோகித்ததாக ஒரு மெமோ மட்டும் வந்தது, வராமல் இருக்குமா? அக்கா இன்னும் சில வருஷம் இருந்தார். முக்கோணம் தினமும் ஆபீஸ் விட்டுப் போய், சொந்த வீட்டு வாசலில் நின்று, உட்கார்ந்துகொள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாளும் அக்கா வேண்டாம் என்று சொன்னதில்லையாம்.

இப்போது எனக்கும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிற வயசு. எது எது போகிறதோ போகட்டும், அந்த மனுஷன் முகம் மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போக வேண்டும் என்று சாமியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.